ஒரே நாடாவில் இரண்டு பேர்

ஜம்பர் என்பது ஒரு குட்டி பிளாஸ்டிக் தொப்பி. கடலைப்பருப்பு அளவுதான் இருக்கும். உள்ளே மெல்லிய உலோகத் தகடு ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஊசிகளின் தலையில் அதைச் செருகினால், தகடு இரண்டையும் இணைத்து மின்சாரத்துக்கு ஒரு வழி திறந்துவிடும். பிடுங்கிவிட்டால் வழி மூடிக்கொள்ளும். இதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. மென்பொருள் கிடையாது, பாஸ்வேர்ட் கிடையாது, அப்டேட் கிடையாது. ஆனால் ஒரு ஹார்ட் டிஸ்க் கணினியின் கண்ணில் படுமா படாதா என்பதை ஒரு காலத்தில் இந்தக் கடலைப்பருப்புதான் முடிவு செய்தது.

இப்போது கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியவேண்டிய அவசியமே இல்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் இருபத்துநாலு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். லினக்ஸ் கெர்னலுக்குள் இறங்கி வேலை பார்க்கிற அளவுக்குக் கெட்டிக்காரன். அவன் ஒருநாள், "அண்ணே, ஜம்பர்னா என்ன?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் அப்பாவுக்குக் கமலை இறைக்கத் தெரியும். எனக்கோ கமலையின் பாகங்களுக்குப் பெயர்கூடத் தெரியாமல்தான் இருந்தது. ஹார்ட் டிஸ்க் கதையில் கமலை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். வரும், கொஞ்சம் பொறுங்கள்.

எனக்கு ஜம்பர் சொல்லிக்கொடுத்தது நான் படித்த இன்ஜினியரிங் காலேஜ் இல்லை. கோவில்பட்டியில் டிடிபி சென்டர் வைத்திருந்த என் தாய்மாமா. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர்களின் பிட் நோட்டீஸ், காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட் ரிப்போர்ட் என்று எல்லாம் அந்த ஒற்றை அறைக்குள் உருவாகும். 2004இல் நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். லீவு விட்டால் கடையில்தான் கிடப்பேன். மாமா வைத்திருந்தது பார்ட் பார்ட்டாக வாங்கி அசெம்பிள் செய்த மெஷின். அதன் பக்கவாட்டு மூடி எப்போதும் கழற்றித்தான் இருக்கும். வெக்கை தாங்காது என்பது ஒரு காரணம். வாரம் ஒருமுறை எதையாவது கழற்றி மாட்டவேண்டியிருக்கும் என்பது இன்னொன்று.

அந்த மெஷினில் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் விண்டோஸ், பேஜ்மேக்கர், ஃபாண்ட்டுகள். இன்னொன்றில் வாடிக்கையாளர்களின் வேலை மட்டும். விண்டோஸ் 98 இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் படுத்துவிடும். ஃபார்மேட் செய்து முதலிலிருந்து ஏற்றவேண்டும். "சாகிறதா இருந்தா பெரியவன் சாகட்டும் மாப்ளே. சரக்கு பூரா சின்னவன்ட்ட பத்திரமா இருக்கு" என்பார் மாமா. அவருக்கு மாஸ்டர் என்றால் பெரியவன், ஸ்லேவ் என்றால் சின்னவன். கடைசிவரை வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தப் பெரியவன் சின்னவன் சமாச்சாரம் ஏன் வந்தது என்பதைச் சொல்லியாகவேண்டும்.

ஆரம்பத்தில் ஹார்ட் டிஸ்குக்குச் சொந்த மூளை பெரிதாக இல்லை. தலையை எங்கே நகர்த்துவது, எதை எப்போது படிப்பது என்பதையெல்லாம் கவனிக்கத் தனியாக ஒரு கட்டுப்பாட்டு அட்டையைக் கணினிக்குள் செருகவேண்டும். 1980களின் நடுவில் வெஸ்டர்ன் டிஜிட்டல், காம்பாக் போன்ற கம்பெனிகள் சேர்ந்து, அந்தக் கட்டுப்பாட்டை டிரைவின் முதுகிலேயே ஏற்றிவிட்டன. ஐடிஇ என்ற பெயர் இதிலிருந்து வந்ததுதான். 1986 வாக்கில் காம்பாக் கணினிகளில் இந்த வகை டிரைவ்கள் வரத் தொடங்கின. 1994இல் ஏடிஏ என்ற பெயரில் அமெரிக்கத் தர நிறுவனம் அதை முறைப்படி வெளியிட்டது. பிற்பாடு எல்லோருக்கும் பழக்கமான அந்த அகலமான சாம்பல் நிற ரிப்பன் கேபிள் இந்த ஏற்பாட்டின் கேபிள்தான். 40 ஊசிகள். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட கம்பி முதல் ஊசிக்கு. திருப்பிச் செருகிவிடாமல் இருக்க 20ஆவது ஊசியை எடுத்துவிட்டு அந்த இடத்தை அடைத்திருப்பார்கள்.

ஒரு நாடாவில் இரண்டு டிரைவ்களை மாட்டலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால் 40 கம்பிகளும் இரண்டு டிரைவ்களுக்கும் பொது. கணினி ஒரு கட்டளை அனுப்பினால் அது இரண்டு டிரைவ்களின் காதிலும் விழும். யார் பதில் சொல்வது?

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இரண்டு செல்வகுமார் இருந்தால் வாத்தியார் என்ன செய்வார்? இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவார். கே. செல்வகுமார் என்றால் கே மட்டும் எழுந்திருப்பான். எம். செல்வகுமாருக்கும் கேட்கும், ஆனால் உட்கார்ந்திருப்பான். ஐடிஇயிலும் இதே ஏற்பாடுதான். கணினி கட்டளைக்கு முன்னால் ஒரு பதிவேட்டில் ஒரே ஒரு பிட்டை எழுதும். அது 0 என்றால் முதல் டிரைவ் பேசவேண்டும், 1 என்றால் இரண்டாவது. எல்லாம் சரி, ஆனால் தன்னுடைய இனிஷியல் எது என்று டிரைவுக்கு யார் சொல்வது? ஃபேக்டரியிலிருந்து வரும்போது எல்லா டிரைவும் ஒரே மாதிரிதான் வருகிறது. அது பெரியவனாகப் போகிறதா, சின்னவனாகப் போகிறதா என்பது மாட்டுகிறவனுக்குத்தான் தெரியும். அவன் அதை டிரைவுக்குச் சொல்கிற வழிதான் ஜம்பர். டிரைவின் பின்பக்கம், ரிப்பன் கேபிள் சொருகும் இடத்துக்கும் நான்கு ஊசி பவர் சொருகும் இடத்துக்கும் நடுவே, இரட்டை வரிசையில் சில ஊசிகள் நிற்கும். அதில் எந்த ஜோடியின் மேல் தொப்பி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் இனிஷியல்.

பவர் போட்டதும் இரண்டு டிரைவுக்கும் நடுவில் ஒரு சின்ன விசாரிப்பு நடக்கும். சின்னவன் ஒரு கம்பியைத் தாழ்த்தி, "நான் இருக்கேன்" என்று சொல்லவேண்டும். பெரியவன் அரை நொடிக்கும் குறைவான நேரம் அதற்காகப் பார்ப்பான். ஆள் இருக்கிறது என்று தெரிந்தால், சின்னவன் தன்னைத்தானே சோதித்து முடித்து இன்னொரு கம்பி வழியாக "நல்லா இருக்கேன்" என்று சொல்லும்வரை காத்திருப்பான். இந்தக் காத்திருப்பு முப்பது நொடிவரை போகலாம். பழைய கம்ப்யூட்டர்கள் சில நேரம் கறுப்புத் திரையோடு அரை நிமிஷம் அப்படியே நிற்குமே, நினைவிருக்கிறதா? பல தடவை அதற்கு அர்த்தம், ஒரு டிரைவ் இன்னொன்றின் சுகச் செய்திக்குக் காத்திருக்கிறது என்பதுதான்.

இரண்டையும் பெரியவனாக மாட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும்; ஒன்றும் விளங்காது. இரண்டையும் சின்னவனாக மாட்டினால் முதல் பெயரைக் கூப்பிடும்போது வகுப்பில் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். பெரியவனே இல்லாமல் சின்னவன் மட்டும் தனியாக இருந்தால்? இது அந்தந்தக் கணினியைப் பொறுத்தது. சில கணினிகள் இரண்டு இனிஷியலையும் கூப்பிட்டுப் பார்க்கும். சில, முதல் ஆள் இல்லை என்றதும் வகுப்பே காலி என்று முடிவு செய்து போய்விடும். இந்தக் கடைசி வகையை நினைவில் வையுங்கள்.

மாஸ்டர், ஸ்லேவ். தமிழில் ஆண்டான், அடிமை. ஒரு ஹார்ட் டிஸ்குக்கு இந்தப் பெயரை யார் முதலில் வைத்தார்களோ, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 2003இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி நிர்வாகம், தங்களுக்குக் கருவிகள் விற்கும் கம்பெனிகள் இந்தச் சொற்களை லேபிளில் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டபோது பலர் சிரித்தார்கள். 2018இல் பைத்தான் மொழிக்காரர்கள் தங்கள் ஆவணங்களிலிருந்து இவற்றை எடுத்தார்கள். 2020இல் கிட்ஹப் புதிய களஞ்சியங்களின் முதல் கிளைக்கு மாஸ்டர் என்ற பெயரை விட்டு மெயின் என்று வைத்தது. அப்போதும் சிரித்தார்கள். பெயரை மாற்றினால் உலகம் மாறிவிடுமா என்பது அவர்கள் கேள்வி.

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. ஐடிஇயைப் பொறுத்தவரை அந்தப் பெயர் புண்படுத்துகிறது என்பது ஒருபக்கம் இருக்கட்டும், அது முதலில் உண்மையே இல்லை. மாஸ்டர் டிரைவ் ஸ்லேவ் டிரைவுக்குக் கட்டளை எதுவும் இடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் சொந்த மூளை முதுகிலேயே இருக்கிறது. கட்டளை இடுவது கணினி, அதுவும் இரண்டுக்கும் சமமாகவே இடுகிறது. முதலாவதுக்கு உள்ள கூடுதல் பொறுப்பு, பவர் வந்ததும் இரண்டாவது நலமா என்று பார்த்துக் கணினிக்குச் சொல்வது, அது இல்லாவிட்டால் அதன் சார்பில் பதில் சொல்வது. இது ஆண்டானின் வேலை இல்லை, அண்ணனின் வேலை. தர ஆவணத்திலும் 0, 1 என்று எண்களால்தான் குறிக்கிறார்கள். மாமா அந்த ஆவணத்தையெல்லாம் பார்த்தவர் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அச்சகத்தில் கம்போசிங் கற்றவர். ஆனாலும் அவர் வைத்த பெயர், கம்பெனிக்காரர்கள் வைத்த பெயரைவிடச் சரியாக இருந்தது.

ஒழுங்காக ஒரே முறை வைத்திருந்தாலாவது பரவாயில்லை. கம்பெனிக்குக் கம்பெனி ஊசிகளின் அர்த்தம் மாறும். சீகேட் டிரைவ்கள் பலவற்றில், தொப்பியே இல்லாவிட்டால் அது சின்னவன். வெஸ்டர்ன் டிஜிட்டலில் தொப்பி இல்லாவிட்டால் அது தனியாள். அதாவது அதில் மாஸ்டர் என்பது, கூட ஒரு ஸ்லேவ் இருந்தால் மட்டும்தான். துணை இல்லாமல் மாஸ்டர் என்று வைத்தால் அது வராத தம்பிக்காகக் காத்துக் கிடக்கும்; சில கணினிகளில் கண்ணுக்கே தெரியாது. ஆக ஒரே காலி ஊசிக்கு ஒரு கம்பெனியில் ஓர் அர்த்தம், பக்கத்துக் கம்பெனியில் வேறு அர்த்தம். அதனால்தான் எல்லா டிரைவின் தலையிலும் ஊசிகளைப் படம் வரைந்து லேபிள் ஒட்டியிருப்பார்கள். அந்த லேபிள் போனால் வழி தெரியாது.

இன்னொரு தொப்பியும் உண்டு. டிரைவைப் பொய் சொல்ல வைக்கிற தொப்பி. ஒரு காலத்துப் பயாஸ்கள் சில, ஏறத்தாழ 32 ஜிபிக்கு மேல் இருக்கிற டிரைவைக் கண்டால் அப்படியே உறைந்துவிடும். அதற்காக 40 ஜிபி டிரைவ் ஒன்று தன்னை 32 என்று சொல்லிக்கொள்ள ஒரு ஜோடி ஊசி வைத்தார்கள். அந்த ஜோடியின் மேல் தொப்பி இருந்தால் மிச்ச இடம் அங்கேயே இருக்கும், ஆனால் யாருக்கும் தெரியாது.

இந்தத் தலைவலிகளையெல்லாம் தீர்க்க வந்ததுதான் கேபிள் செலக்ட். இரண்டு டிரைவிலும் ஒரே ஜோடியில் தொப்பியைப் போட்டுவிட்டால், யார் பெரியவன் என்பதைக் கேபிளே சொல்லிவிடும். இதற்கு 28ஆவது கம்பியைப் பயன்படுத்தினார்கள். கணினிப் பக்கம் அது கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். நடுக் கனெக்டரில் மட்டும் அந்த ஒரு கம்பிக்கு இணைப்பு இருக்காது. கிரவுண்டை உணர்கிற டிரைவ் பெரியவன், உணராதது சின்னவன். பின்னால் வந்த 80 கம்பி நாடாவில் இது நிறத்திலேயே தெரியும்: நீலம் மதர்போர்டுக்கு, நுனியிலுள்ள கறுப்பு பெரியவனுக்கு, நடுவிலுள்ள சாம்பல் சின்னவனுக்கு. கூடுதல் 40 கம்பிகளில் செய்தி எதுவும் போகாது. வேகம் கூடியபோது பக்கத்துக் கம்பியின் இரைச்சல் கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு கம்பிக்கும் நடுவே ஒரு கிரவுண்ட் கம்பியைப் படுக்கவைத்தார்கள். மாமாவுக்குக் கேபிள் செலக்டில் நம்பிக்கை இல்லை. "கேபிளை மாத்தினா சாதி மாறிரும்ல" என்பார். தொப்பியைத் தன் கையால் போட்டால்தான் அவருக்குத் திருப்தி.

2003இல் சாட்டா வந்தது. ஒரு டிரைவுக்கு ஒரு கேபிள். ஒரு வீட்டுக்கு ஒரு வாசல். பெரியவன் சின்னவன் பேச்சே இல்லை. நான் 2010இல் காலேஜ் முடித்து வெளியே வரும்போது புது ஐடிஇ டிரைவைத் தேடித்தான் வாங்கவேண்டும். டிஜிட்டல் பிரஸ்களும் ஃப்ளெக்ஸ் போர்டும் வந்தபிறகு மாமா கடையைச் சுருக்கி, பிறகு மூடினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

போன வருஷம் அத்தை போன் செய்தார். "யய்யா, ஒங்க மாமாகிட்ட பொஸ்தகம் அடிக்கக் குடுத்தாரே தமிழ் வாத்தியார், அவரு மக வந்து நிக்கா. நீதான் ஒரு வழி சொல்லணும்."

வாத்தியாரை எனக்குத் தெரியும். பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கரிசல் காட்டு விவசாயச் சொற்களை, அதிலும் கமலை இறைப்பு, ஏர், வண்டி சம்பந்தமான சொற்களை, இருபது வருஷமாகக் கிழவர்களிடம் கேட்டுக் கேட்டு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார அகராதியைப் பார்த்த பிறகு வந்த ஆசை என்று சொல்வார். 2004இல், நான் கடையில் கிடந்த அந்த லீவில்தான், மாமா அதை டைப் செய்துகொண்டிருந்தார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வாத்தியார் வருவார். டீ வரும். புரூஃப் பார்ப்பார். ஆயிரத்துச் சொச்சம் சொற்கள். பக்கம் கட்டி முடிந்தது. அச்சடிக்கப் பணம் சேரவில்லை. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போனது. நோட்டுகள் வீட்டுப் பரணில் இருந்தன. கரையான் அரித்துவிட்டது. புரூஃப் காகிதங்களும் அதோடு போயின. வாத்தியாருக்கு இப்போது 84 வயது. அவர் சொற்களைக் கேட்டு வாங்கிய கிழவர்களில் ஒருத்தரும் உயிரோடு இல்லை. அதாவது, திரும்பத் தொகுக்க முடியாது. அந்த ஆயிரம் சொற்களும் அவற்றின் விளக்கங்களும் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தன, அல்லது இல்லாமல் போயிருந்தன: அத்தை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்த மாமாவின் கம்ப்யூட்டரில்.

மாமா மகன் ஏற்கெனவே முயன்றிருந்தான். கம்ப்யூட்டர் பவரே எடுக்கவில்லை. இரண்டு டிரைவையும் கழற்றி ஒரு கடையில் கொடுத்தான். பெரியவனில் விண்டோஸ் மட்டும்தான் இருந்தது. இன்னொன்றை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "சுத்துது, ஆனா டிடெக்ட் ஆகல. போர்டு போயிருச்சு" என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு கடையில் பதினெட்டாயிரம் கேட்டார்கள், வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்ற பேச்சோடு. பதினெட்டாயிரம் அத்தைக்குச் சின்னத் தொகை இல்லை. வாத்தியார் மகளுக்கும் இல்லை.

பார்சல் சென்னைக்கு வந்தது. பிரித்தேன். ஒரு சீகேட் 40 ஜிபி. அதன் தலையில், ஜம்பர் படம் இருக்கவேண்டிய இடத்தின் மேலேயே, மாமா ஒரு வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்: "சின்னவன். தொடாதே."

பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஊசிகள் காலியாக நின்றன. தொப்பி இல்லை.

கடைக்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சின்னவன் என்பதை யாரோ செல்லமாக வைத்த பெயர் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தக் கடையில் கிடந்து வளர்ந்தவனுக்கு அது ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. இந்த டிரைவ் ஸ்லேவாக மாட்டப்பட்டது என்பது எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. சீகேட் என்பதால் காலி ஊசிக்கு அர்த்தமும் அதுதான். நான் முன்னால் நினைவில் வைக்கச் சொன்ன விஷயம் இதுதான்: யுஎஸ்பி அடாப்டர்களில் பெரும்பாலானவை 0 என்ற இனிஷியலை மட்டும் கூப்பிடும். அதனால் பழைய டிரைவை மாஸ்டராக வைத்து மாட்டு என்று அடாப்டரோடு வரும் துண்டுச்சீட்டில் போட்டிருக்கும். அந்தச் சீட்டை யாரும் பத்திரமாக வைத்திருப்பதில்லை. டிரைவ் பவர் வாங்கியது, சுற்றியது, தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

ஸ்டிக்கரை மெல்ல உரித்தேன். அடியிலிருந்த படத்தின் மசியில் பாதி அதோடு வந்துவிட்டது. மாடல் எண் மிஞ்சியிருந்தது. அதை வைத்து அந்த மாடலின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்: ரிப்பன் கேபிள் பக்கமுள்ள முதல் ஜோடி மாஸ்டர், அடுத்தது கேபிள் செலக்ட். கொள்ளளவைக் குறைக்கும் ஜோடி எங்கே என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டேன், தவறியும் அங்கே போடக்கூடாது என்பதற்காக. ஒரு ஜம்பர் வேண்டும். புதிதாக வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போயிருக்கலாம். ஆனால் வீட்டில் கிடந்த செத்துப்போன சிடி டிரைவின் பின்னால் ஒன்று இருந்தது. அதைப் பிடுங்கிச் செருகினேன். பொருந்தியது.

கடையில் சொன்ன 18,000 ரூபாய்க்கான பதில், பழைய சிடி டிரைவிலிருந்து எடுத்த ஒரு கடலைப்பருப்பு.

லினக்ஸில் மாட்டியதும் டிரைவ் தன் பெயரைச் சொன்னது. இருபது வயசான டிரைவை நேரடியாகத் திறந்து கோப்புகளைத் தேடக்கூடாது. ஒவ்வொரு தேடலிலும் தலை அங்குமிங்கும் ஓடும். அந்த ஓட்டத்திலேயே உயிர் போகலாம். முதலில் முழு டிரைவையும் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரு நகல் எடுத்துவிடவேண்டும். டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இதற்கென்றே இருக்கிறது. படிக்க முடிகிற இடத்தையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். அடம்பிடிக்கிற இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்பப் போகும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினேன். நல்ல பகுதிகள் கடகடவென்று வந்தன. கெட்ட பகுதிகளில் கிர்ரக் கிர்ரக் என்று முனகிக்கொண்டு நின்றது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் எழுந்து போக மனசு வரவில்லை. விடியும்போது சில கிலோபைட்டுகள் தவிர முழுவதும் வந்துவிட்டது.

வாத்தியாரின் கோப்பு முழுசாக இருந்தது. பேஜ்மேக்கர் 6.5 கோப்பு. லிப்ரே ஆபிஸ் அதைத் திறக்கும். திறந்தது. உள்ளே ஆங்கில எழுத்துகளும் டாலர் குறிகளும் அடைப்புக்குறிகளும் பக்கம் பக்கமாகக் கொட்டிக் கிடந்தன.

இதுவும் ஒருவகை ஜம்பர் பிரச்சினைதான். யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் உண்டு என்றாலும், நம் டிடிபி சென்டர்களுக்கு அது வந்து சேரப் பல வருஷம் ஆனது. அதுவரை ஒவ்வொரு ஃபாண்ட் கம்பெனியும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் விருப்பப்படி தமிழ் எழுத்துகளைக் குடியேற்றியிருந்தது. ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ட' வைத்திருப்பார். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று தரங்களை அறிவித்தது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. ஆனால் அச்சகங்கள் தங்கள் கைப்பழக்கத்தில்தான் ஓடின. கோப்பில் இருப்பது என்ன எழுத்து என்பது, எந்த ஃபாண்டைச் செருகியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நல்லவேளை, மாமா ஃபாண்ட்டுகளின் நகலையும் சின்னவனிடமே வைத்திருந்தார்.

ஃபாண்டைப் போட்டதும் திரையில் தமிழ் வந்துவிட்டது. ஆனால் அது கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு இன்னும் டாலர் குறிதான். தேடவோ அகரவரிசைப்படுத்தவோ முடியாது. அகராதிக்கு அது போதாது. உட்கார்ந்து ஒரு மாற்று அட்டவணை போட்டேன். பழைய ஃபாண்ட்டுகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்து இருக்கும். 'கொ' என்பதில் முதலில் கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் கால். யூனிகோடில் 'க' முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். ஆகவே ஒவ்வொரு கொம்பையும் பிடித்து அதற்குரிய எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். இரண்டு வார சாயங்காலங்கள் இதற்கு ஆனது. சால், தும்பி, வடம், வால்கயிறு என்று ஒவ்வொரு சொல்லாகத் திரையில் நிமிர்ந்தன. கமலையின் பாகங்களுக்குப் பெயர் நான் தெரிந்துகொண்டது அப்போதுதான். சால் என்பது தண்ணீர் மொண்டு வரும் பாத்திரம். தும்பி அதன் அடியில் தொங்கும் தோல் குழாய். வடத்தை மாடு இழுத்தால் சால் மேலே வரும்; வால்கயிறு தும்பியின் வாயைப் பிடித்து, தண்ணீர் எப்போது கொட்டவேண்டும் என்பதை முடிவு செய்யும்.

மின்சார மோட்டார் வந்ததும் கமலை போனது. கமலை போனதும் இந்தச் சொற்கள் போயின. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று ஒரு பேச்சு உண்டு. மாட்டின் கழுத்து பிழைத்தது, மனிதனின் முதுகு பிழைத்தது. சொல் போனால் என்ன? பாதிவரை நானும் ஒப்புக்கொள்வேன். சாட்டா வந்ததற்கு நானும் சந்தோஷப்பட்டவன்தான். ஆனால் ஒரு கருவி போய்விட்ட பிறகும் அந்தக் கருவியால் செய்தவை மிஞ்சியிருக்கின்றன. அவற்றைத் திறக்கவேண்டுமென்றால் பழைய சொல் தெரிந்த ஆள் ஒருத்தராவது வேண்டும். "சின்னவன்" என்ற சொல் புரியாததால்தான் ஆயிரம் சொற்கள் செத்துவிட்டதாகத் தீர்ப்பானது. மாமா இருந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். அகலமான நாடா மாட்டுகிற வகையில் ஒரு டிரைவ் இருந்து, அது சுற்றுகிறது, ஆனால் தெரியவில்லை என்றால், போர்டு போய்விட்டது என்று நம்புவதற்கு முன்னால் பின்பக்க ஊசிகளைப் பாருங்கள். கம்பெனிப் பெயரையும் மாடல் எண்ணையும் பார்த்து, தனியாளாகவோ மாஸ்டராகவோ எது சரியோ அதை வையுங்கள். பவர் இருக்கும்போது ஜம்பரைத் தொடாதீர்கள். விண்டோஸ் ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் வேலை முழு நகல். பார்ப்பதெல்லாம் அந்த நகலில். கடகடவென்று சத்தம் வந்தால் மட்டும் உடனே பவரை எடுத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள். அதற்கு ஜம்பர் மருந்தில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வாத்தியார் வீட்டுக்குப் போனேன். 18 புள்ளி எழுத்தில் அச்செடுத்துச் சுருள் கம்பி போட்டுக் கொண்டுபோயிருந்தேன். கையில் வாங்கி முதல் பக்கத்தில் தன் பெயரைத் தடவிப் பார்த்தார். சந்தோஷப்பட்டு ஏதாவது சொல்வார் என்று அவர் மகளும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மகளிடம் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, நேராகக் கமலைப் பகுதிக்குப் போனார். கொஞ்ச நேரம் படித்தார்.

"தம்பி, ஒரு பேனா இருக்கா?"

கொடுத்தேன்.

"இது மூணாவது புரூஃப். நாலாவதுல ஏழெட்டுத் திருத்தம் சொல்லியிருந்தேன். ஒங்க மாமா போடவே இல்ல" என்றார். பிறகு ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். கை நடுங்கியது. ஆனால் எந்தச் சொல்லுக்கு எந்தத் திருத்தம் என்பதில் அவருக்குத் தடுமாற்றம் இல்லை. அன்று சாயங்காலம்வரை பதினோரு சொற்கள் ஆயின. மிச்சத்தை மகள் போட்டோ எடுத்து வாரம் ஒருமுறை அனுப்புகிறாள். நான் கோப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 'வ' வரிசையில் இருக்கிறோம்.